முப்பத்திரண்டு சீட்டுக் காத்தமுத்து

புதுச் சீட்டுக்கட்டின் உறையைப் பல்லால் கிழித்ததும் காத்தமுத்து முதல் காரியமாக அதிலிருந்து இருபது சீட்டைப் பொறுக்கி எடுக்கிறார். ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. இந்த ஐந்து எண்களும் அவருடைய ஆட்டத்தில் கிடையாது. வலையில் சிக்கிய பொடி நண்டைப் பிய்த்துப் போடுவதுபோல அவற்றை மடியில் போட்டுக்கொண்டே போவார். மீதி முப்பத்திரண்டுக்கும் மனைவி அஞ்சுகத்தின் பவுடர் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை தூவித் தேய்ப்பார். கடல்காற்றில் உப்பு ஏறினால் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். "எம் மூஞ்சியவிட அந்தச் சீட்டு மூஞ்சிக்குத்தான் பவுடர் ஜாஸ்தி ஆவுது" என்று அஞ்சுகம் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டப்பா தீர்ந்தால் வாங்கி வருவதும் அவள்தான்.

பட்டினச்சேரியில் யார் வலை கிழிந்தாலும் காத்தமுத்துவிடம்தான் வரும். ஐம்பதைத் தொட்ட ஆள். உடம்பு ஒடிசல், காது மட்டும் தாராளம். ஐப்பசி மழை பிடித்துப் படகுகள் மணலில் ஏறிவிட்டால் அவருடைய வலைக்கொட்டகையில் ஆட்டம் தொடங்கிவிடும். மீன்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். சீட்டைக் கலைப்பது, போடுவது, யார் ஜெயித்தது என்று சொல்வது எல்லாம் அவர்தான். ஆட மட்டும் மாட்டார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "தீர்ப்பு சொல்றவனுக்கு ஆச இருக்கப்படாது" என்பார். கோர்ட்டு ஜட்ஜ் தோற்றுப்போகவேண்டும்! ஆனால் அவர் சீட்டுகளைப் பார்த்துவிட்டு "சீட்டு பேசிடுச்சு" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கொட்டகையில் எவரும் வாய் திறந்ததில்லை.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததை ஒரே ஒரு தடவை போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் பந்தயம் ஏறும். பயந்தவர் கையைக் கவிழ்த்துவிட்டுப் பீடி பற்றவைக்கலாம். ஒரு ஜோடியை ரெண்டு ஜோடி அடிக்கும்; அதை ஒரே மாதிரி மூன்று அடிக்கும்; மூன்றை வரிசை அடிக்கும். மூன்று ஒரு மாதிரி, ரெண்டு ஒரு மாதிரி சேர்ந்து வந்தால் அதற்கு வீடு என்று பெயர். ஐந்தும் ஒரே சின்னமாக வந்தால் கலர். கலர் வீட்டை அடிக்கும். இதைக் கோயில் சுவரில் எழுதி வைக்காததுதான் பாக்கி. காசு வைத்து ஆடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் பொறுக்கி எடுத்த அந்த இருபது சின்னச் சீட்டையே ஆளுக்கு நாலாகக் கொடுத்துச் சில்லறையாக்கிவிட்டார் மனுஷன்.

இதெல்லாம் அவர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். காரைக்கால் கடைத்தெருவில் கயிறும் நூலும் விற்கிற நூகு பாய், வாலிபத்தில் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். அங்கிருந்து கொண்டுவந்த சீட்டுக்கட்டில் மொத்தமே முப்பத்திரண்டு சீட்டுதான் இருந்தது; ஏழுதான் ஆகச் சின்னது. நூல் வாங்கப் போன காத்தமுத்து, கடையில் நாலு பேர் ஆடுவதை வேடிக்கை பார்த்துப் பார்த்து அந்த ஆட்டத்தைப் பட்டினச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் சொந்தமாகச் சேர்த்த சட்டம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் தப்புச் செய்தவன் ஜோக்கர் சீட்டைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். அந்தத் தப்பால் நஷ்டப்பட்டவன் பார்த்து எடுத்துவிட்டால்தான் உண்டு. அதுவரை கோமாளிதான். ஊரில் அந்தச் சீட்டு ஏறாத காதே கிடையாது என்று சொல்லலாம். காத்தமுத்துவின் காது மட்டும் பதினோரு வருஷமும் காலியாகவே இருந்தது. அதில் அவருக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது.

போன கார்த்திகையில்தான் வினை வந்தது. மாரிக்கண்ணுவும் வைத்தியலிங்கமும் மாமன் மச்சான். வைத்தியலிங்கத்தின் தங்கை அல்லியைத்தான் மாரிக்கண்ணு கட்டியிருக்கிறான். எழுபத்தேழு புயலில் ஆளுக்கொரு கட்டுமரத்தைப் பறிகொடுத்துவிட்டு, மறுவருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். சுக்கான் பிடிப்பது ஒரு வாரம் இவன், ஒரு வாரம் அவன். சுக்கான் பிடிக்கிறவன் சொல்கிற இடத்தில்தான் வலை விழும் என்பதால் அதில் ஒரு பெருமை இருக்கத்தானே செய்யும்!

அன்றைக்குப் பூவத்திலிருந்து காதுகுத்துக்கு வந்த சம்பந்திகள் ரெண்டு பேர், மழை விடாமல் கொட்டகையிலேயே தங்கிவிட்டார்கள். ஏழு பேர் ஆட உட்கார்ந்தால் முப்பத்திரண்டு சீட்டு எப்படிப் போதும்? காத்தமுத்து சின்னச் சீட்டு இருபதையும் கட்டோடு சேர்த்துக் கலைத்தார். சில்லறைக்குக் கிளிஞ்சல் வந்தது. ஆட்டம் ஏறி, கடைசியில் மச்சான்கள் ரெண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். இருவர் முன்னாலும் கிளிஞ்சல் தீர்ந்துபோனது. விளையாட்டு வீம்பாக மாறியது அங்கேதான்.

"சுக்கான வைக்கிறேன் மச்சான்" என்றான் வைத்தியலிங்கம். "தோத்தவன் இனிமே அதுல கை வைக்கப்படாது."

மாரிக்கண்ணு சரி என்றான். ஏன் சொல்லமாட்டான்? அவன் கையில் மூணு ராணி, ரெண்டு பத்து. வீடு! வைத்தியலிங்கம் தன்னுடையதை விரித்தான். ஐந்தும் ஒரே ஆட்டின் சின்னம். ராஜா, ஒன்பது, எட்டு, ஐந்து, மூன்று. காத்தமுத்து எட்டிப் பார்த்தார். "கலரு மேல. சீட்டு பேசிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்க ஆரம்பித்தார்.

மாரிக்கண்ணு எழுந்து போனவன் படகுப் பக்கமே வரவில்லை. நான் என்ன கூலியாளா என்று அல்லியிடம் கத்தினானாம். மழை ஓய்ந்து எல்லாப் படகும் இறங்கிய பிறகும் அவர்கள் படகு மட்டும் மணலில் கிடந்தது. தனி ஆளாக அதை இறக்க முடியாது. வேறு ஆளைக் கூப்பிட வைத்தியலிங்கத்துக்கும் மனசு வரவில்லை. ரெண்டு வீட்டிலும் உலை கொதிப்பது பெரும்பாடாகிவிட்டது. தை பிறந்ததும், கடலூரில் ஒருவர் படகில் கூலிக்குச் சேர்ந்துவிட்டதாகவும், திங்கட்கிழமை பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்புவதாகவும் மாரிக்கண்ணு சொல்லி அனுப்பினான். ஊர் வருத்தப்பட்டது. தீர்ப்பைக் குறை சொன்னவர் யாருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூல் வாங்கக் காரைக்கால் போன காத்தமுத்து, வீட்டையும் கலரையும் ஒரே ஆட்டத்தில் பார்த்த அதிசயத்தை நூகு பாயிடம் விஸ்தாரமாகச் சொன்னார். என்னென்ன சீட்டு என்று கேட்டார் பாய். இவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கயிறு அளந்துகொண்டிருந்த பாயின் கை நின்றது.

"மூணா? ஒங்க கட்டுல மூணு ஏதுப்பா?"

அவ்வளவுதான். காத்தமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னச் சீட்டை எடுத்துவிட்டால் ஒவ்வொரு சின்னத்துக்கும் எட்டுச் சீட்டுதான் மிஞ்சும், கலர் அமைவது குதிரைக்கொம்பு. அதனால் கலர் மேலே. சின்னது உள்ளே வந்துவிட்டால் கலர் சுலபமாகிவிடும், வீடு மேலே ஏறிவிடும். இதை அந்தக் காலத்திலேயே பாய் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷமாகச் சின்னச் சீட்டைச் சில்லறையாகவே பார்த்துப் பழகிய கண், கண்ணெதிரே விரிந்து கிடந்த மூணையும் அஞ்சையும் பார்த்தும் பார்க்கவில்லை. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கண்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. யாருக்கும் தெரியாது. பாய் பட்டினச்சேரிக்கு வந்து சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு எவன் நம் பேச்சைக் கேட்பான்? வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து அஞ்சுகத்திடம் விஷயத்தைக் கொட்டிவிட்டு, யாரும் கேட்கவில்லையே என்று இழுத்தார். அவள் மீன் அரிந்துகொண்டே நிமிராமல் சொன்னாள். "அல்லி சாமானெல்லாம் கட்டிட்டா. காலையில மொத பஸ்சு."

பொழுது விடிந்ததும் காத்தமுத்து சீட்டு வைக்கிற டப்பாவைத் திறந்து ஜோக்கரை எடுத்தார். பவுடர் எல்லாம் போடவில்லை. வலது காதில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்தச் சீட்டு கொட்டகையைத் தாண்டி வெளியே வந்ததே கிடையாது. மீன்கூடையோடு கிளம்பிய பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி சிரித்தாள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். முதலில் வைத்தியலிங்கம் வீட்டு வாசலில் நின்று, நீ ஜெயிக்கவில்லையப்பா என்று சொன்னார். அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தான்.

மாரிக்கண்ணு வாசலில் சாக்குமூட்டையின் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். அல்லி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"மாரி, அன்னைக்கி சின்னச் சீட்டு உள்ள இருந்துச்சு. வீடுதான் மேல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் காத்தமுத்து. குரல் அவருக்கே கேட்கவில்லை. பின்னால் கூடிய கூட்டத்துக்கும் சேர்த்து இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். பிறகு காதைக் காட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

மாரிக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டு எழுந்தான். சீட்டில் இருந்த கோமாளியையே கொஞ்ச நேரம் பார்த்தான். சுக்கான் இப்போது அவனுடையது. கேட்டால் ஊரே எடுத்துக் கொடுத்திருக்கும். அவன் சீட்டை நோக்கிக் கையை நீட்டினான். தொடப்போன கை அப்படியே நின்றது.

"தப்பு எனக்கு மட்டுமாண்ணே நடந்துச்சு? ஜெயிச்சிட்டோம்னு நெனச்சிக்கிட்டு ரெண்டு மாசமா அந்தப் படகையே சுத்திச் சுத்தி வந்தானே, அவனுக்குந்தானே நடந்துச்சு."

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான்.

"வா மச்சான், நீயும் புடி" என்றான் மாரிக்கண்ணு.

காத்தமுத்து தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தார். சீட்டின் ஒரு முனையை மாரிக்கண்ணுவும் மறுமுனையை வைத்தியலிங்கமும் பிடித்து, அந்தப் பெரிய காதிலிருந்து மெதுவாக உருவினார்கள்.