சுண்ணாம்பு மடாலயம்

சரித்திர டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சுண்ணாம்பு. வைத்தது யார் என்று தெரியாது, காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆண்டுக்கொரு முறை, மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூளை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போய், ஐரோப்பாவில் எங்கேயோ இடிந்து கிடக்கும் ஒரு பழைய மடாலயத்தைத் தரையில் அசல் அளவுக்கு வரைந்துவிடுவார். அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. ஒரு நுனியை யாராவது பிடித்துக்கொள்ள, மறு நுனியோடு குனிந்தபடியே போவார். நிமிரும்போது புருவம், மூக்குக்கண்ணாடி, கைப்பை எல்லாம் வெள்ளையாக இருக்கும்.

பிறகு பிள்ளைகளை அதில் நடக்க விடுவார். வாசல், இடது பக்கம் தூண் வரிசை, மூலையில் வலது திரும்பினால் சாப்பாட்டுக்கூடம், அதைத் தாண்டி மறுபடி வலது திரும்பினால் முற்றம், முற்றத்தின் நடுவில் கிணறு. கிணற்றுக்கு ஒரு பழைய லாரி டயர். சுவரைத் தாண்டிக் குறுக்கே போனால் தொலைந்தது. "சுவத்துக்குள்ள பூந்து போறியே, நீ என்ன பேயா?" என்று கத்துவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் புல்தான் இருக்கும். ஆனாலும் பிள்ளை பின்வாங்கி, வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும்.

விளையாட்டு சாருக்கு அந்த வாரம் முழுக்க வயிற்றெரிச்சல். "ஏங்க டீச்சர், பந்து விளையாட எடம் குடுங்கங்க. செத்துப்போன சாமியாருங்களுக்கு இவ்ளோ பெரிய வீடு எதுக்கு?" என்பார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடைசியில் டயரை உருட்டிக்கொண்டு வந்து தருவதும் விளையாட்டு சார்தான்.

இவ்வளவுக்கும் டீச்சர் அந்த மடாலயத்தைக் கண்ணால் கண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் ஒரு ஸ்லைடு பெட்டி அகப்பட்டது. அதில் மடாலயத்தின் தரைப்படம் ஒன்று இருந்தது. படத்தில் எழுத்து இல்லை, எண் இல்லை, வெறும் கோடுகள். பெயரும் நீள அகலமும் பெட்டி மூடியில் எழுதியிருந்தன. அதை விளக்குப் பெட்டியில் செருகிச் சுவரில் விழவைத்து, மேலே காகிதம் ஒட்டி அப்படியே பிரதி எடுத்துக்கொண்டார். ஸ்லைடு பெட்டியை எப்போதோ கரையான் தின்றுவிட்டது, காகிதம் தங்கிவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிற அவருடைய கணவர் சொல்வார், "நம்ம வீட்டு அலமாரியில உப்பு எங்கன்னு கேட்டா முழிப்பா. அந்தச் சாமியாருங்க சமையல்கட்டுக்குத் தூக்கத்துலயே போயிட்டு வந்துருவா."

அப்படிப்பட்டவருக்கு ஐரோப்பியக் கல்விச் சுற்றுலா கிடைத்தது. மாணவர் கூட்டம் ஒன்று, கூட டீச்சரும் விளையாட்டு சாரும். போகிற இடங்களில் அந்த மடாலயமும் உண்டு. டீச்சர் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. புதுச் செருப்பு மட்டும் வாங்கினார்.

கூட்டத்தில் ஒரு பெண் உண்டு. எல்லோரும் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைக் கொடுத்தால் மீள முடியாது. பிறவியிலேயே அவளுக்குப் பார்வை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும், அவ்வளவுதான். சுண்ணாம்பு மடாலயத்தில் அவளுக்காக மட்டும் டீச்சர் கோடுகளின் மேல் கயிறு பதித்துக் கொடுத்திருந்தார். கைத்தடியால் கயிற்றைத் தடவித் தடவி நடந்தவள், பிறகு கயிறே இல்லாமல் நடந்தாள். மற்றப் பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டார்கள். அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் தனியாக வந்து நடப்பாள்.

அவளுடைய அம்மாவுக்கு அனுப்ப மனசே இல்லை. "அவ்ளோ தூரம் போய் இவ என்னத்த டீச்சர் பார்க்கப் போறா?"

"மத்ததுங்க மட்டும் என்ன பார்க்கப் போகுதுங்க? செல்ஃபோனைத்தான் பார்க்கும்" என்றார் டீச்சர்.

அம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "அவ கையை மட்டும் விட்டுறாதீங்க டீச்சர்." மகளுக்கு வேறொரு நிபந்தனை இருந்தது. அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் கேட்டாள், "மடாலயத்துல மட்டும் நான் தனியா நடப்பேன். யாரும் கையைப் புடிக்கக் கூடாது, 'அங்க போ இங்க போ'ன்னு சொல்லவும் கூடாது. சரியா?" டீச்சர் அதற்கும் சரி என்றார். ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று அப்போது யோசிக்கவில்லை.

சுற்றுலா எப்படிப் போகுமோ அப்படிப் போனது. கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம், கால் வலி. வழிகாட்டிப் பெண் ஒரு குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். எங்கே பார்த்தாலும் தொடாதே என்ற பலகை. வக்கீல் ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் கண்ணாடிக்குள்ள வச்சுட்டாங்க, என்னை மட்டும்தான் வெளிய விட்டிருக்காங்க" என்றாள் ஒருநாள். யாரும் சிரிக்கவில்லை. மடாலயம் என்றைக்கு என்று மட்டும் தினமும் கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. பஸ் நின்றது. டீச்சர் முதல் ஆளாக இறங்கி வாசல் வளைவுக்குள் போனார், நின்றார். தூண் வரிசை வலது பக்கம் இருந்தது. இடது பக்கம் முழுக்க வெறும் சுவர்.

"இது பின்வாசலா?" என்று வழிகாட்டியைக் கேட்டார்.

"இல்லையே, இது ஒண்ணுதான் வாசல்."

டீச்சர் கைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பார்த்தார். அப்புறம் அதைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பின்பக்கம் ஊடுருவித் தெரிந்த கோடுகள் எதிரே இருந்த கட்டடத்தோடு அச்சு அசலாகப் பொருந்தின. ஸ்லைடை விளக்குப் பெட்டியில் முன்பின்னாகச் செருகியிருக்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை பிள்ளைகளை இடம் வலம் மாற்றி நடக்க வைத்தாரோ!

பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தூண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். ஆனால் ஒருத்தி கைத்தடியை விரித்துக்கொண்டு தயாராக நிற்கிறாள். தூண் வரிசை முடிகிற மூலையில் வெளிச்சுவர் இடிந்திருந்தது. அதற்கப்பால் பள்ளம். குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு, அவ்வளவுதான் காவல். எப்படியோ தூண்களைத் தேடிப் பிடித்துப் போய்விட்டாலும், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி அவள் அங்கே வலது திரும்பினால், நேரே அதில்தான் போய் விழுவாள்.

டீச்சர் முதலில் செய்தது சரியில்லை. "கூட்டமா இருக்கும்மா. கையைப் புடிச்சுக்கோ, போலாம்" என்றார்.

"கூட்டம் எங்க இருக்கு? நம்ம பசங்க சத்தம் மட்டும்தான் கேக்குது." வக்கீலின் முகம் சுருங்கியது. "நீங்க சொன்னீங்கல்ல டீச்சர்? அப்ப அதுவும் மத்தவங்க சொல்ற மாதிரி சும்மாதானா?"

அது சுருக்கென்று தைத்தது. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் தப்பாப் போட்டுட்டேன்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இத்தனை வருஷமா. இடதுன்னு சொன்னதெல்லாம் வலது, வலதுன்னு சொன்னதெல்லாம் இடது."

முதலில் வாயைத் திறந்தது விளையாட்டு சார்தான். "அடக் கடவுளே! அப்ப என் கிரவுண்டைப் புடுங்குனது இந்தத் தப்புப் படத்துக்காகவா?" பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சரும் சிரித்திருப்பார், ஆனால் வக்கீல் சிரிக்கவில்லை.

"உங்களைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன் டீச்சர்" என்றாள்.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, மூலையில் இருக்கும் பள்ளத்தைப் பற்றியும் சொன்னார். அவள் கைத்தடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"நாங்க ஃபிளாட்ல எதிர் வீட்டுக்கு மாறினோம். எல்லாம் அதேதான், ஆனா இடம் வலம் மாறி இருந்துச்சு. ஒரு வாரம் ஃபிரிட்ஜுல முட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் வந்துருச்சு." சற்று நிறுத்திக் கேட்டாள், "இங்க எனக்கு எவ்ளோ நேரம் குடுப்பீங்க?"

"உனக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்து ஒரு அரண்மனை இருக்கிறது, பஸ் கிளம்ப வேண்டும் என்றாள். "அரண்மனை எங்கயும் ஓடிப்போகாது" என்றார் டீச்சர். சொன்ன தோரணையில் குடை தானாகக் கீழே இறங்கியது. வக்கீல் வாசல் படியில் உட்கார்ந்து, முழங்காலில் ஒரு விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள். பழைய வழியில் ஒரு தடவை, மாற்றி ஒரு தடவை, மறுபடி மாற்றி. பேச வாயெடுத்த பையன்களை விளையாட்டு சார் முறைத்தே அடக்கினார்.

கடைசியில் எழுந்தாள். வலது பக்கம் திரும்பினாள். தடி கல்லில் தட்டத் தட்ட, தூண்களைக் கையால் தொட்டுக்கொண்டே போனாள். இங்கே தொடாதே என்று பலகை இல்லை. டீச்சர் பின்னாலேயே போனார், கை எட்டுகிற தூரத்தில், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தூண்கள் முடிந்தன. மூலை வந்தது. கால் பழைய பாடத்தைத்தான் கேட்டது. அவள் வலது பக்கம் திரும்பினாள்.

'நில்லு' என்ற சொல் டீச்சரின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு அடி வைத்திருந்தால் வாக்காவது ஒன்றாவது என்று பாய்ந்து பிடித்திருப்பார். அதற்குள் அவள் நின்றுவிட்டாள்.

"இங்க சுவரு இருக்கணும். காத்து வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அப்படியே முழுசாகத் திரும்பி எதிர்ப் பக்கம் நடந்தாள். சாப்பாட்டுக்கூடம் போனது. இடது. முற்றம். தடி கிணற்றுக் கல்லில் மோதியது. இரண்டு கையாலும் விளிம்பைத் தடவிச் சுற்றி வந்தவள், உள்ளே குனிந்து "டீச்சர் தப்பு!" என்று கத்தினாள். கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆளாளுக்குக் குனிந்து அதையே கத்தினார்கள்.

"டயரை விடப் பெருசு" என்றாள் அவள், முகமெல்லாம் ஈரமாக.

வெளியே போக நேரமாயிற்று. "வாங்க, வாங்க" என்று டீச்சர் முன்னால் நடந்து, முற்றத்தைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் இடது பக்கம் திரும்பினார். மொத்தக் கூட்டமும் யோசிக்காமல் கூடவே திரும்பியது. வக்கீல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"டீச்சர், வலது" என்று கையை நீட்டினாள். டீச்சர் திரும்பி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். வாசல் வரை அவள் கூட்டிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து இறங்கிய அன்று விமான நிலையத்தில் அம்மா ஓடிவந்து மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "கையை விட்டுறலையே டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு வாயைத் திறந்தார்.

"நான் விடலம்மா" என்றாள் வக்கீல்.