ஓவசியரின் ஓடாத பி.எஸ்.ஏ

கனகசிங்கம் தன் ஐம்பத்தாறாவது வயதில் மோட்டார் சைக்கிள் கட்டவும் பொய் சொல்லவும் ஒரே ஆளிடம் கற்றுக்கொண்டார். இரண்டில் பொய்தான் அவருக்குச் சுத்தமாக வந்தது.

உன்னிச்சைக் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியராக இருந்து ஓய்வெடுத்தவர் அவர். எந்த வயல் வட்டைக்கு எப்போது தண்ணீர் என்று வயல்காரரெல்லாம் ஒருகாலத்தில் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாயில் பொய் வராது என்று ஊரில் பேர் இருந்தது. பொய் சொல்லுகிற தேவை அதுவரை வரவில்லை என்பதுதான் உண்மை. எண்பத்தாறில் ஒரு இயக்கம் வந்து அவருடைய ஹொண்டாவைப் போராட்டத்துக்கு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனது. மனம் தேறி இன்னொன்று வாங்கினார். தொண்ணூறில் அதை ஆமி எடுத்தது. அவர்கள் எதற்கென்றும் சொல்லவில்லை. இரண்டு தரப்புக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாயிற்று, இனியாவது விடுவார்கள் என்று மனைவி புஸ்பம் சொன்னாள். அவருக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

வாகனம் அவருக்கு ஆடம்பரம் இல்லை. புஸ்பத்துக்குத் தொய்வு. மாரி பிறந்தால் மூச்சு இழுக்கத் தொடங்கும். இழுத்தால் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் ஆறும். பஸ் நின்று நெடுநாள். வீட்டில் வாகனம் இல்லாவிட்டால் என்றோ ஒருநாள் புஸ்பமும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வாகனம் இருந்தால் அது வீட்டில் நிற்காது என்பதும் அதேயளவு தெரியும்.

ஆகவே எவனும் திரும்பிப் பாராத வாகனம் ஒன்றைத் தேடினார். தன்னாமுனையில் ஒரு தென்னந்தோட்டத்தில் அது அகப்பட்டது. உலக யுத்தத்துக்கு வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்து, போகும்போது போட்டுவிட்டுப் போன பி.எஸ்.ஏ. இருக்கையில் ஒரு பேடு அடைகாத்துக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் இரும்பைவிடக் கோழிக்குத்தான் கூட விலை சொன்னார். கனகசிங்கம் பேரம் பேசாமல் இரண்டையும் வாங்கி, கோழியை வீட்டுக்கும் இரும்பைக் கல்லடிக்கும் அனுப்பினார்.

கல்லடியில் யூஸ்டஸ் இருந்தான். வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கி. முப்பத்திரண்டு வயது. பாட்டன் வேட்டைத் துவக்குத் திருத்தினார், தகப்பன் மணிக்கூடு திருத்தினார், இவன் பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். தலையைப் படிய வாரி, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் கிறீசுக்குள் கை வைப்பான். அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. கட்டித் தா என்று கேட்டதற்கு, கட்டித் தந்தால் ஒரு கிழமையில் நின்றுவிடும், பிறகு உன்னிச்சையிலிருந்து தள்ளிக்கொண்டு வருவீர்களா என்று கேட்டான். கட்டப் படிப்பதென்றால் சனிக்கிழமைகளில் வரலாமாம்.

"சரி தம்பி" என்றார் கனகசிங்கம்.

"தம்பி எண்டா விருந்தாளியா வாங்க, தேத்தண்ணி தாறன். வேல படிக்கிற எண்டா பாஸ் எண்டு கூப்பிடுங்க, ஓவசியர்."

எத்தனையோ வயல்காரர் 'ஐயா' என்று எழுந்து நின்ற மனுசன், மகன் வயதுள்ள ஒருவனைப் பாஸ் என்று கூப்பிடத் தொடங்கினார். ஊரில் யாருக்கும் இது தெரியாதது ஒன்றே ஆறுதல்.

யூஸ்டஸின் வீட்டு வளவில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. ஒன்றாவது முழுசாக இல்லை. சில்லு ஒரு மூலையில், தாங்கி ஒரு மூலையில், எஞ்சின் சாக்குக்குள். முதலில் கனகசிங்கம் அதைச் சோம்பல் என்று நினைத்தார். பிறகுதான் விளங்கியது, அவன் ஒன்றைக் கட்டி முடித்து, கொட்டிலைச் சாத்திக்கொண்டு ஒருமுறை ஓடவிட்டு, சத்தத்தைக் காதாரக் கேட்டுவிட்டு, மறுபடி கழற்றிப் போட்டுவிடுகிறான். முழுசாய் நிற்கிற வாகனத்தைத்தான் எடுப்பார்கள், கழற்றிக் கிடக்கிறதை எவன் எடுப்பான் என்பது அவனுடைய கொள்கை. நாட்டிலேயே அருமையான மோட்டார் சைக்கிள்கள் தன்னிடம்தான் இருக்கின்றன என்று அவன் சொல்வது பொய்யும் இல்லை. ஏறிப் போகத்தான் முடியாது.

முதல் இரண்டு மாதமும் கழுவல்தான். ஒவ்வொரு உறுப்பையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டித் துடைத்து, இது எது, எதோடு எது சேரும் என்று சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னால் அன்றைக்கு வேறு பாடம் இல்லை. பிறகு வால்வு உரசிப் பொருத்தவும், பழைய கலண்டர் மட்டையில் எஞ்சினுக்கு அடைப்பு வெட்டவும் வந்தது. கடைசியில் வந்தது நெருப்பு. பிஸ்டன் மேலேறி வரும்போது எந்த இடத்தில் பொறி விழவேண்டும் என்று பார்ப்பதற்கு, பொறியைத் தரும் மெக்னீட்டோவின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் சிகரட் தாள் ஒன்றை வைத்து மெதுவாக இழுக்கவேண்டும். முனைகள் விலகத் தொடங்கும் அந்தக் கணத்தில் தாள் கிழியாமல் கையோடு வரும். அதுதான் இடம். புஸ்பத்தின் மூச்சுக்காகச் சிகரட்டை விட்டவர், அதே மூச்சுக்காக மறுபடி சிகரட் வாங்கினார். தாளை எடுத்துக்கொண்டு புகையிலையை யூஸ்டஸிடம் கொடுத்தார்.

அவர் பொறியை முந்தி வைத்துவிட்டு உதைத்த நாளில் உதைகோல் திருப்பி உதைத்தது. கனகசிங்கம் சாணிக் குவியலில் போய் விழுந்தார். காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை யூஸ்டஸ் தூக்கவில்லை.

"இவ்வளவு நாளும் தண்ணி திறந்து விட்டீங்க. முந்தித் திறந்தா வரம்பு உடையும். நெருப்பும் அப்படித்தான், ஓவசியர். முந்தக்கூடாது."

அடுத்த மாரிக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, பி.எஸ்.ஏ. பேசியது. முதலில் இருமியது, துப்பியது, பிறகு கனத்த குரலில் ஒரே சீராக அடிக்கத் தொடங்கியது. கனகசிங்கத்துக்கு அழுகை வந்தது. துடைக்காமல் நின்று அழுதார். அழுது முடிய முன்னமே யூஸ்டஸ் அதை நிறுத்திவிட்டான்.

"நாளைக்கு ஊரில ஆரும் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"ஓடுது எண்டு..."

"ஓடாது. சொல்லுங்க பாப்பம்."

"ஓடாது."

"இன்னும் கொஞ்சம் வெறுப்பாச் சொல்லுங்க."

தாங்கிக்குப் பச்சை வர்ணம் அடிக்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை இருந்தது. யூஸ்டஸ் வர்ணத்துக்குப் பதில் களிமண்ணும் சாம்பலும் குழைத்துக் கொடுத்தான். ஒரு துண்டு சங்கிலியைக் கழன்றதுபோல் தொங்கவிட்டான். ஓடும் என்று ஒருத்தருக்குச் சொன்னாலும் ஊருக்கே சொன்ன மாதிரி, பெண்சாதி தவிர எவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினான். வீட்டில் வந்து கொட்டிலில் நிறுத்தியதும் பழைய பேடு தானாகவே இருக்கையில் ஏறிக்கொண்டது. அதற்கு யாரும் பொய் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மாரியில் புஸ்பத்துக்கு முதல் இழுப்பு வந்தது விடியப்புறத்தில். ஊர் இயக்கத்தின் கையிலும் பட்டணம் ஆமியின் கையிலும் இருந்த காலம். கனகசிங்கம் சத்தம் கேட்காமல் பி.எஸ்.ஏ.யைத் தள்ளிக்கொண்டு குளக்கட்டு வரைக்கும் போனார். பின்னால் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஊர் தாண்டிய பிறகுதான் உதைத்தார். வவுணதீவில் ஆமியின் காவல் சென்றி கண்ணில் படுவதற்கு முன்னால் மறுபடி நிறுத்தி இறங்கித் தள்ளினார். ஓடுகிற வாகனத்துக்கு அனுமதி வேண்டும், ஓடாத இரும்புக்கு வேண்டாம். திருத்தக் கொண்டுபோகிறேன் என்றார். திரும்பி வரும்போது திருந்தவில்லை என்றார். சிப்பாய் ஒருவன் பாவப்பட்டுத் தள்ளியும் விட்டான்.

"இஞ்சேருங்க, ஏறிப் போறதுக்கு இவ்வளவு தூரம் நடக்கிற எண்டா, முழுக்க நடந்தே போயிரலாம் போல" என்றாள் புஸ்பம், மூச்சு ஆறிய பிறகு. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நாலு மாரி அப்படிப் போனது. கனகசிங்கத்துக்குத் தான் கட்டிய எஞ்சினில் இருந்த பெருமையைவிடத் தான் சொல்லும் பொய்யில் பெருமை கூடிக்கொண்டு வந்தது. பக்கத்து வளவு இளையதம்பி நல்ல மனுசன், ட்ராக்டர் முதல் மோட்டார் சைக்கிள் வரைக்கும் ஓட்டத் தெரிந்தவர். தெருவில் ஆணி கிடந்தால், அண்ணன்ட சைக்கிளுக்கு ஆகுமோ என்று எடுத்துக்கொண்டு வருவார். கனகசிங்கம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆகும்போலதான் கிடக்கு, ஆனால் எங்கே ஓடப்போகுது என்று பெருமூச்சு விடுவார். இளையதம்பிக்காவது சொல்லிவையுங்கள், நீங்கள் இல்லாத நேரம் எனக்கு ஒன்று வந்தால் என்ன செய்வது என்று புஸ்பம் இரண்டொரு தரம் கேட்டாள். சொல்லுவோம் என்றார். சொல்லவில்லை. பயத்தால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்த விளையாட்டு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

தொண்ணூற்றைந்து மார்கழியில் ஒருநாள் பகல், வாய்க்கால் உடைத்துக்கொண்டது என்று ஆள் வந்து கூப்பிட, கனகசிங்கம் வட்டைக்கு நடந்து போனார். பி.எஸ்.ஏ. கொட்டிலில் எண்ணெய் ஊற்றித் தயாராக நின்றது. முழங்கால் சேற்றில் அவர் நின்று மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது புஸ்பத்துக்கு இழுத்தது. அவர் செய்தி கேட்டு ஓடிவந்து சேர்ந்தபோது, இளையதம்பியின் மாட்டு வண்டில் குளக்கட்டில் பாதிவழியில் நின்றுகொண்டிருந்தது. மாடுகள் களைத்துப்போய் நிற்கவில்லை. இனிப் போய்ப் பயனில்லை என்று நிறுத்தியிருந்தார்கள்.

செத்தவீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் இளையதம்பி நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதார். கனகசிங்கத்துக்கும் சொன்னார்.

"அக்காக்கு வாயில கத வரல்ல. கொட்டில் பக்கம் கையக் காட்டிக் காட்டி, 'ஓடு, ஓடு' எண்டா. நான் கோழிக்காக்கும் எண்டு கொட்டிலச் சாத்திப்போட்டு, ஒரே ஓட்டமா ஓடிப்போய் வண்டிலக் கட்டிக்கொண்டு வந்தன். அதுக்குமேல ஓட என்னால ஏலாமப் போயித்து, அண்ணன்."

கனகசிங்கம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புஸ்பம் என்ன சொன்னாள் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இது இந்த மனுசனுக்கு மட்டும் ஒருநாளும் விளங்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். நீ ஓடினது காணும் இளையதம்பி, உன்னைப்போல் ஆர் ஓடுவார்கள் என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னேரம் இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளர் இரண்டு பேரோடு வந்தார். அமைதியான ஆள். பிரேதத்தின் கால்மாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு, கனகசிங்கத்துக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். மறுபக்கத்தில் இளையதம்பி வெற்றிலைத் தட்டோடு இருந்தார்.

"மோட்டச்சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போயிருக்கலாமே, ஐயா."

கனகசிங்கம் இளையதம்பிக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"அது ஓடாது தம்பி."

பொறுப்பாளர் தட்டிலிருந்து ஒரு பாக்கை எடுத்தார். பிறகு, துக்கத்தில் இருக்கிறவரோடு எதற்கு விவாதம் என்பதுபோல் தணிவாகச் சொன்னார்.

"குளக்கட்டுல நீங்க அத உதைக்கிற சத்தம் முதல்ல எங்கட முகாமுக்குத்தான் கேக்கும், ஐயா. நாலு வருசமாக் கேக்குறம். அத நாங்க எடுத்து என்ன செய்யிற? எங்கட பொடியன்கள் உதைச்சா கால்தான் முறியும். அம்மாக்கு ஏலாது எண்டுதான் வச்சிருக்கிறீங்க எண்டு எங்களுக்குத் தெரியும்தானே."

அவர் எழுந்து எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். பெண்களின் ஒப்பாரி உள்ளே ஓய்ந்து மறுபடி தொடங்கியது. இளையதம்பி கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். உதடு மட்டும் எதையோ மெல்லச் சொல்லிப் பார்ப்பதுபோல் அசைந்தது. பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அக்கா 'ஓடும்' எண்டுதான் சொல்லியிருக்கா."

கனகசிங்கம் ஓம் என்றார்.