மேட்டுக்கு அந்தப் பக்கம் அடித்த மணி

வெள்ளையாக எது தரையோடு தவழ்ந்து வந்தாலும் எனக்குப் பயம். எண்ணூரில் ஆலைகளுக்கு நடுவே வாழ்க்கைப்பட்டவள் நான். அந்தப் பயத்தை ஸ்காட்லாந்து மலைவரைக்கும் தூக்கிக்கொண்டு போவேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

போனது மகளை அழைத்து வர. அவளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களில் வழக்கம். பின்னறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டு, தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவளோ பிடிகொடுக்கவே இல்லை. ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மருமகன் எங்களை மலைமேல் இருந்த கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ராயபுரத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த மனிதருக்கு அங்கே போனதும் இந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. ரொம்பப் பழைய மைதானமாம். மேடு பள்ளத்தைத் தொடாமல் மலையை மலையாகவே விட்டிருந்தார்கள். செம்மறியாடுகள் மேய்ந்தே புல்லைக் குட்டையாக வைத்திருந்தன. பந்தைத் தடியால் அடித்துத் தொலைத்துவிட்டு, அதையே தேடிக்கொண்டு மூச்சு வாங்க நடப்பதற்கா இத்தனை பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

ஓர் இடத்தில் குறுக்கே பெரிய மேடு ஒன்று மறைத்தது. பந்து போய் விழவேண்டிய குழி அதற்கு அப்பால் இருந்தது. மருமகன் மேட்டின் அடியில் போய்த் தடியோடு காத்து நின்றார். நானும் மகளும் பின்தங்கி ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் மலை உச்சியிலிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கியது. ஆடுகள் ஒவ்வொன்றாக அதற்குள் காணாமல் போயின. கூடவே, மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மணி அடித்தது.

எங்கள் குப்பத்தில் வேளை தவறி மாதா கோயில் மணி அடித்தால் ஆலையில் விஷவாயு கசிகிறது, ஓடு என்று அர்த்தம். ஒருமுறை ஓடியும் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இதே மகளை இழுத்துக்கொண்டு, கண் எரிய, தொண்டை எரிய. துணியை நனைத்து மூக்கில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே போ என்பது எங்கள் தெருவில் ஜெபம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம்.

நான் யோசிக்கவே இல்லை. கழுத்தில் இருந்த சால்வையை ஓடையில் முக்கி அவள் முகத்தில் இறுக்கிக் கட்டினேன்.

“இன்னாமா பண்ற?”

“பேசாத. மூச்ச இழுக்காத. எந்திரி.”

என் முந்தானையையும் நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டேன். பக்கத்துக் குழியில் நட்டிருந்த கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே அவளை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். ஈரப்புல். அவள் கால் வழுக்கியது. முழங்காலும் உள்ளங்கையும்தான் தரையில் மோதின, வயிறு படவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு உயிரே போய்விட்டது. காப்பாற்றுகிறேன் என்று நானே கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடியே அவளைத் தூக்கி நிறுத்தினேன்.

வெள்ளை எங்களை மூடியது. அவளை மார்போடு அணைத்து, முடிந்தமட்டும் மூச்சை அடக்கினேன். பிறகு முடியவில்லை. உள்ளே வந்தது ஈரமண் வாசனையும் ஆட்டு வாசனையும்தான். வெறும் பனிமூட்டம்.

“அடிகிடி பட்டுச்சாடி?”

“ஒண்ணியும் இல்லமா.”

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சால்வையை அவிழ்த்து, நிதானமாகப் பிழிந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“நான் ஏன் வரலன்னு உங்கைல எப்டி சொல்றதுன்னு தெரியாம கீறேன்மா. இப்ப என் வாயக் கட்டுனியே, அங்க பொறந்தா பச்சப்புள்ளைக்கு எப்டி கட்டுவ?”

எனக்குக் கோபம் வந்தது. நீயும் அங்கே பிறந்து வளர்ந்தவள்தானே என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்ததும், அதை வாங்கி அவள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தேன்.

மருமகன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவரும் சிரிக்கவில்லை. “அது ஒண்ணும் இல்ல அத்தை. மேடு மறைக்குதுல்ல, முன்னால போனவங்க தாண்டுனதும் மணி அடிப்பாங்க. இனிமே பயமில்ல, வாங்கன்னு அர்த்தம்,” என்றார்.

பனி விலகியதும் மகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மேட்டைச் சுற்றி நடந்தோம். ஒரு கம்பத்தில் அந்த மணி தொங்கியது. “நாமளும் தாண்டியாச்சு. நீங்க அடிங்க அத்தை,” என்று கயிற்றை என் கையில் கொடுத்தார்.

பிடித்தேன். பயமில்லை, வா என்று சொல்கிற மணி. முழங்காலில் புல் கறையோடு பக்கத்தில் மகள் நின்றாள். அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்ல எனக்கு வக்கில்லை என்று நினைத்தபோது அழுகை முட்டியது. வெள்ளையடித்த பின்னறையும் அந்தக் கொக்கியும் கண்முன் வந்தன. கயிற்றை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“புள்ள பொறக்கப்போற ஆஸ்பத்திரி எங்க கீது?” என்று கேட்டேன். “போற வழியில காட்டுங்க மாப்ள.”