பூவிரலார் வீட்டுப் புதுப் பூட்டு

பூவிரலாருக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. முப்பது வருடம் பஸ் நெரிசலில் பிக்பாக்கெட் தொழில். அவர் விரல் பட்டது பாக்கெட்டுக்கே தெரியாது, பாக்கெட்டுக்காரனுக்கு எங்கே தெரியப்போகிறது? தாயில்லாத ஒரே மகளுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்திருந்தார். எடுத்ததைத் திருப்பி வைக்க மட்டும் சொல்லித்தரவில்லை. அதற்கு எடுப்பதைவிடப் பத்து மடங்கு கைப்பக்குவம் வேண்டும். அது அவருக்கே வராது.

பூவிரலாருக்கு ஆகாத குடும்பம் ஒன்று உண்டு. பரம்பரையாகப் பூட்டுத் திறக்கும் கம்பியார் குடும்பம். ஒரு நகைக்கடைக்காரர் வீட்டு விருந்தில், கீழே இவர் விருந்தாளிகளின் பாக்கெட்டை மேய, மாடியில் கம்பியார் பீரோவைக் குடைய, இரண்டு பேரும் கையும் களவுமாக மாட்டினார்கள். யாரால் யார் மாட்டியது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அன்றிலிருந்து பாம்பும் கீரியும்தான்.

ஒருநாள் காலை, வாசல் பூட்டில் சாவி வழுக்கிக்கொண்டு இறங்கியது. பத்து வருடமாக மல்லுக்கட்டினால்தான் திறக்கும் பூட்டு அது. மோந்து பார்த்தார். மிஷின் எண்ணெய்.

"நம்ம பூட்டுக்கு எவன் எண்ணெய் போட்டான்?"

"துருப்பிடிச்ச பூட்டைப் பாத்தா அவருக்கு மனசு கேக்காதுப்பா" என்ற மகள், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

பூட்டுக்கு இரக்கப்படும் குடும்பம் ஊரில் ஒன்றுதான்.

"கம்பியார் பையனா? ஆளில்லாத வீட்டுல பூந்து எடுக்கிற கோழைங்கடி அவங்க! நாம ஆள் நிக்கும்போதே எடுக்கிறவங்க. வெள்ளிக்கிழமை உனக்கும் அத்தை பையனுக்கும் கல்யாணம். அவ்வளவுதான்."

இருப்பதிலேயே விலை கூடிய பூட்டை வாங்கி, மகளின் அறைக்கதவில் பதித்தார். உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் சாவி போடலாம். அதன் இரண்டு சாவிகளும் அவர் பனியனின் உள்பாக்கெட்டில், நெஞ்சுக்கு மேல்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது மகள் அவர் நெஞ்சில் சாய்ந்து அழுதாள். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. முதுகைத் தட்டிக்கொடுத்து, வெளியே வந்து, பூட்டிவிட்டு, கூடத்துச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார்.

'க்ளிக்' என்று ஒரு சத்தம் அவரை எழுப்பியது. உடனே இன்னொரு 'க்ளிக்'. எட்டிப் பார்த்தார். கம்பியார் மகன் கதவுக்கு முன்னால் மண்டியிட்டுக் கம்பியைத் திருகுகிறான். பூட்டு திறக்கிறது. அது தெரியாமல் அதே நொடியில் உள்ளே யாரோ சாவியைத் திருப்ப, பூட்டிக்கொள்கிறது. அவன் மறுபடி திறக்கிறான், மறுபடி பூட்டுகிறது. வேலை நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது இரண்டு குடும்பத்துக்கும் சட்டம். ஆகவே இரண்டும் வாயைத் திறக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. ஐந்தாவது தடவை பூவிரலாருக்கே பொறுக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் சும்மா இருங்களேன்!"

கதவு திறந்தது. பையன் தேள் கொட்டிய திருடனாக நின்றான். மகள் கையில் ஒரு சாவி. பூவிரலார் நெஞ்சைத் தடவினார். உள்ளே ஒன்றுதான் இருந்தது.

"எப்ப எடுத்த?"

"மதியம். அழுதப்போ."

"அப்ப அழுததெல்லாம் நடிப்பா?"

"அழுகை நெசம்தாம்பா. கைதான் தானாப் போயிடுச்சு."

அவருக்குக் கோபமும் வந்தது, பாழாய்ப்போன பெருமையும் வந்தது. அவர் பாக்கெட்டில் கை வைக்க இந்த ஊரில் இன்னொருத்தர் பிறக்கவில்லை.

"பூட்டு எப்படிடா?" என்றார் பையனிடம்.

"நல்ல பூட்டு மாமா. நாலு நிமிஷம் ஆச்சு."

"எவன்டா உனக்கு மாமா?" என்றவர் நாற்காலிக்குப் போய்ச் சாய்ந்தார். "நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கேன். முழிக்கிறதுக்குள்ள போயிடுங்க."

மகள் வந்து மறுபடி அவர் நெஞ்சில் சாய்ந்தாள். இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் விழிப்பாக இருந்தார். ஒரு விரல்கூடப் படவில்லை. கண்ணீர் மட்டும் பனியனை நனைத்தது.

காலடிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு பாக்கெட்டில் கை விட்டார். இரண்டு சாவிகள் இருந்தன.

"அடிப்பாவி, வைக்க எப்பக் கத்துக்கிட்ட?" என்று வாய்விட்டுக் கேட்டார். பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.