இருபத்தேழு பேர் கேட்ட பாட்டு

அன்றைக்கு ஜமுனாமரத்தூர் சந்தைத் திடலில் இருந்தவர்களை இப்போதும் ஒவ்வொருவராகச் சொல்ல முடியும். சென்னையிலிருந்து வந்த ராக் பேண்டுக்காரர்கள் நாலு பேர். குட்டியானை லோடு வண்டியின் பின்னால் மெத்தையில் படுத்திருந்த என் மாமா. அவர் தலைமாட்டில் என் அக்கா. டீக்கடைக்காரர். காய் கூறு போட்டிருந்த பெண்கள் மூன்று பேர். போளூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பதினாறு பேர். அப்புறம் மைக்செட்டுக்காரனான நான். மொத்தம் இருபத்தேழு. நான் போட்டிருந்த நாற்காலி முந்நூறு.

மாமா, அக்காவின் புருஷன், புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. காப்பீட்டு அட்டை போக இன்னும் நாற்பதாயிரம் கட்டினால்தான் ஆபரேஷனுக்குத் தேதி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நட்சத்திரம் பார்க்கக் காவலூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் அவர் நிலத்தில் கூடாரம் அடிக்கிற பிள்ளைகள்தான் அந்த பேண்டுக்காரர்கள். நாங்கள் வந்து வாசிக்கிறோம், வருகிற காசெல்லாம் அவருக்கு என்றார்கள். எங்கள் மலையில் நோட்டீஸ் பார்த்து யாரும் வரமாட்டார்கள். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பாடினால்தான் எதிர்மலை ஊர்களிலிருந்து இறங்கி வருவார்கள். குழாய் நின்றால் நிகழ்ச்சியும் நின்றுவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததில்லை.

மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் தூறல். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கரண்ட்டை வேலையில்தான் கற்றுக்கொண்டேன், பயத்தையும் அங்கேதான். ஈர மைக்கைப் பிடித்து ஒருவர் விறைத்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். பாடுகிற பெண் வெறுங்காலோடு மேடையில் நிற்கிறாள். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டேன். உடனே தூறலும் நின்றது. மேகம் போளூர்ப் பக்கம் இறங்கிப் போய், வெயிலே அடித்தது.

"போடலாமா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எர்த் சரியில்ல பாப்பா" என்றேன். எர்த்தை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பயம் என்று சொல்ல வெட்கம். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் அதே பதில்.

வண்டியிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "அவன இன்னாத்துக்கும்மா கேக்கற? அவனுக்கு ஜெனரேட்டர விட மனசுலதான் வோல்டேஜ் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் மின்சாரக் கிட்டாரை உறையில் வைத்துவிட்டு, மரக்கிட்டார் இரண்டை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி, மாமாவின் வண்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். டிரம் அடிக்கிறவன் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே கையால் தட்டினான். அந்தப் பெண் மைக் இல்லாமல், பக்கத்து ஆளிடம் பேசுகிற அளவுக்குத்தான் பாடினாள். பஸ் வந்து ஹாரன் அடித்தும் முதல் பாட்டு முடிகிற வரை யாரும் ஏறவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு, விரல்களால் வண்டித் தகட்டில் தாளம் போட்டார். "இதாண்டா நல்லா கீது" என்றார் என்னிடம். அவர் அப்படிச் சொல்லாமல் திட்டியிருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேனோ என்னவோ.

வசூலுக்கு வைத்த பால் கேனில் விழுந்த காசோடு அந்தப் பிள்ளைகள் தங்கள் கையிலிருந்ததையும் போட்டும் ஆறாயிரம்தான் தேறியது. நாலு நாள் கழித்து எதிர்மலைக்காரர் ஒருவர் டீக்கடையில் வைத்துக் கேட்டார். "இன்னாப்பா, கூத்து நின்னுபோச்சா? வூட்டுக்கு இருநூறுன்னு வசூல் பண்ணி, வண்டி பேசி வெச்சிருந்தோம். கொழா நின்னுச்சு, சரி மழைன்னு படுத்துட்டோம்." மீதி முப்பத்துநாலாயிரத்தைப் புரட்ட மூன்று வாரம் ஆனது. அதற்குள் மாமாவுக்குப் படுக்கைப்புண்ணில் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போதும் எங்கே வேலை முடித்து ஜெனரேட்டரை நிறுத்தினாலும், அந்தத் திடீர் அமைதிக்குள் தகட்டில் விரல் தட்டுவது கேட்கிறது. திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வயரைச் சுருட்டுகிறேன். ஈரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். வாதம் அந்த வெயில் வரைக்கும்தான் வரும்.

எர்த் விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். மாசம் இரண்டாயிரம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதல் மாசம், "இன்னாத்துக்குடா இது, எட்த்துனு போ" என்றாள். ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டாம் மாசமும் மூன்றாம் மாசமும் அப்படியே. நாலாம் மாசம் கையை நீட்டினாள். ஏழு மாசம் ஆயிற்று. அந்த முப்பத்துநாலாயிரத்தில் இன்னும் இருபதாயிரம் பாக்கி.