தமிழில சொல்லு

பாறசாலை ஜெயதாசும் பூவாற்றுச் சோமனும் கடலுக்கடியில் பித்தளை பொறுக்கியவர்கள். யுத்தத்தில் குண்டுபட்டு மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்று பூவாறுக்கு அப்பால் கிடந்தது. கடற்படையில் இருந்துவிட்டு வந்த சோமன் காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவான்; மறுநாள் ஜெயதாசின் முறை. கப்பலின் சமையலறையில் களவா மீன் குடித்தனம் நடத்துவதாக ஜெயதாஸ் ஊரில் அளந்துவிடுவான். அவன் அளந்ததில் அது ஒன்றுதான் உண்மை.

அப்போதுதான் மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் மூண்டது. போராடியவர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த ஆண்டு அது. இனி மலையாளத்துக்கு மறுமொழி சொல்வதில்லை என்று பனச்சமூட்டுக் கூட்டத்தில் வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சபதம் எடுத்தான் ஜெயதாஸ். கைதட்டல் தலைக்கேறிவிட்டது.

கடல் அடங்கியதும் வேலை தொடங்கியது. அன்று இறங்கியவன் சோமன். காற்று தீர்ந்துபோய், வள்ளத்தை விட்டுத் தள்ளி மேலே வந்தான். இடுப்பில் ஈயக்கட்டி. நீரோட்டம் வேறு இழுத்தது. மலையாளத்தில் கூவினான்.

"டா ஜெயதாசே, கயறு! கயறிடடா!"

கயிறு வள்ளத்தில் நின்ற ஜெயதாசின் காலடியில்தான் கிடந்தது. இன்றைக்காவது இவன் வாயில் தமிழ் வரட்டுமே என்று அவனுக்கு ஒரு கொழுப்பு.

"தமிழில சொல்லுலே!" என்றான் சிரித்துக்கொண்டே.

சோமன் முங்கிவிட்டான்.

பதறிப்போய்க் குதித்த ஜெயதாஸ், கப்பலின் மேல்தட்டுவரை போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தான். உயிர் இருந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தம் வழிந்தது.

அன்று சாயங்காலம் கிணற்றடியிலிருந்து ஜெயதாசின் மனைவி ராஜபாய் கூப்பிட்டாள். "வாளி கிணத்துல விழுந்துட்டு. அந்தக் கயறை எடுத்துத் தாருங்க."

ஜெயதாசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கயிறு என்று அந்த ஊரில் எவன் சொல்கிறான்? அவன் வீட்டிலும் கயறுதான், கோயில் மணியடிக்கவும் கயறுதான். பிறகு எந்தத் தமிழைக் கேட்டு நின்றான் அவன்?

மறுநாளே சோமன் வீட்டுக்குப் போனான். சபதம் நாசமாய்ப் போகட்டும் என்று, யார் காதிலும் விழாதபடி மலையாளத்தில் மெல்ல மன்னிப்புக் கேட்டான்: "எனிக்கு தெற்று பற்றிப்போயி, சோமா. க்ஷமிக்கடா."

சோமன் அவன் வாயையே பார்த்தான். "எந்தா? ஒறக்கே பறயடா."

இரண்டு செவிப்பறையும் கிழிந்துவிட்டதாகச் சோமனின் மனைவி அம்மிணி சொன்னாள்.

ஜெயதாஸ் உரக்கச் சொன்னான். பிறகு தொண்டை கிழியக் கத்தினான். அக்கம்பக்கத்து ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெரு முழுக்கக் கேட்டது. சோமனுக்குக் கேட்கவில்லை.