என் பாக்கெட்டில் இருந்த ரிலீஃப் கார்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஓசூரில், கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். என் லைனில் இருபத்திரண்டு பெண்கள். வேலை வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

லைனுக்கு ஒரே ஒரு ரிலீஃப் கார்டுதான். பாத்ரூம் போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். மற்ற லைன்களில் அது ஆணியில் தொங்கும். நான் மட்டும் என் பாக்கெட்டில் வைத்திருந்தேன். கேட்டு வாங்கட்டும், அப்போதுதான் அளவோடு போவார்கள் என்பது என் நினைப்பு.

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், மாதத்தில் ஏழெட்டு நாள் அந்தக் கார்டை ஓயாமல் கேட்பாள். கை வேகம் அப்படி ஒரு வேகம். அவள் போனால் லைனின் வேலை பின்தங்கும், அதனாலேயே எனக்கு எரிச்சல் அதிகம். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, என்னதான் பிரச்சினை என்று கேட்டேன்.

"ரொம்பப் போவுதுக்கா. எங்க வூட்ல அம்மாவுக்கு, அக்காவுக்கு, எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள்.

"உலகத்துல உனக்கு மட்டும்தான் வருதா? நானும் பொம்பளதான்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

அடுத்த நாள் காலை, ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை போய்விட்டு வந்தாள். மூன்றாவது முறையும் வந்து நின்றாள்.

"டீ பிரேக்குக்கு இருவது நிமிஷம்தான் இருக்கு. அதுவரைக்கும் தாங்காதா?" என்றேன். கையைப் பாக்கெட்டுக்குள் விடவே இல்லை. அவள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். தொம்மென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கீழே கிடக்கிறாள். பேன்ட் முழங்கால் வரை ரத்தத்தில் நனைந்திருக்கிறது. உதட்டில் சொட்டு ரத்தமில்லை. ஐயோ, ஒரு உயிரைக் கொன்றுவிட்டேனே என்று அலறிவிட்டேன்.

கம்பெனி வண்டியில் நானே மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் ஏற்றினார்கள். அவள் கண் திறந்ததும் அங்கிருந்த லேடி டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகுமா? லேசாக இடித்தாலே கன்றிப் போகுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். கடைசியில், "எங்க வூட்ல எல்லாருக்குமே இப்படித்தான் மேடம்" என்றாள். டாக்டர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சாக்காகத் தெரிந்த அதே வார்த்தை அவருக்குத் துப்பாக இருந்தது.

பெங்களூருக்கு ரத்தம் அனுப்பி டெஸ்ட் எடுத்தார்கள். ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் அவளுக்குப் பிறவியிலேயே குறைவு. "நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டு டாக்டர், இதே மாதிரி ஒரே குடும்பத்துல எல்லாருக்கும் ரத்தம் நிக்காம போறதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சார். மருந்து இருக்கு, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அவளுடைய அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் டெஸ்டில் அதுவே வந்ததால், பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில் முன்னேற்பாட்டோடு பார்த்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மன்னிப்புக் கேட்டேன். "அட வுடுங்கக்கா. என்ன ஏதுன்னு கேட்டதே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் இன்றும் என் லைனில்தான் இருக்கிறாள். மாத்திரை போடுகிறாள், கை வேகம் கூடியிருக்கிறது. நானும் அதே கண்டிப்புக்காரிதான். யாராவது "ரொம்பப் போவுது" என்றால் மட்டும், எத்தனை நாளாக, வீட்டில் வேறு யாருக்கு என்று கேட்டு டாக்டரிடம் அனுப்பாமல் விடுவதில்லை. கார்டு இப்போது ஆணியில் தொங்குகிறது. அதை யார் எடுத்து மாட்டிக்கொண்டு போனாலும், அவள் மூன்றாவது முறை வந்து நின்றபோது பாக்கெட்டுக்குள் போகாத என் கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.